கோட்டு அங்கிளுக்குத் தெரியாது

வீட்டு புரோக்கர்களைப் பார்த்திருக்கிறேன், கல்யாணத் தரகர்களைப் பார்த்திருக்கிறேன், தேர்தல் வந்ததும் கை கூப்பிக்கொண்டு வாசலுக்கு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோலாலம்பூரில் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லாத ஒரே ஆள், ஊரை ஏமாற்றிப் பிழைத்த ஒரு மேஜிக்காரர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன்.

எங்கள் பிளாட்டில் அவரைக் கோட்டு அங்கிள் என்போம். பெற்றவர்கள் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் மத்தியான வெயிலில், நாய்கள்கூட காருக்கு அடியில் படுத்துக்கொண்டு வெளியே வர மறுக்கும் நேரத்தில், இந்த மனுஷர் முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பாசாருக்குப் போய்க் கீரை வாங்கி வருவார். நான் குடிவந்த புதிதில் ஒருநாள் அவரோடு லிப்டில் ஏறினேன். நாங்கள் இரண்டு பேர்தான். திடீரென்று அவர் நெஞ்சுக்குள்ளிருந்து குர்ர், குர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அங்கிள், உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"புறா, தம்பி."

"புறாவா!"

"உள் பாக்கெட்ல இருக்கு. சாயங்காலம் ஷோ. கோட்டுக்குள்ள இருந்து பழகணும்ல? இல்லன்னா ஸ்டேஜ்ல மானத்த வாங்கிடும்."

"நான் பயந்தே போயிட்டேன். வயிறு சரியில்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

கேட்கக் கூடாத ஏதோ ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்குப் பொய் சொல்லணும்? இது என்ன ஸ்டேஜா?"

அதுதான் அவருடைய சட்டம். மேடை ஏறிவிட்டால் வாயைத் திறந்தாலே புளுகு. இமயமலையில் தவம் செய்ததாகச் சொல்வார், எகிப்து ராஜா கையால் மோதிரம் வாங்கியதாகச் சொல்வார். கீழே இறங்கிவிட்டால் உண்மையைத் தவிர வேறெதுவும் வராது. புதுச் சேலை கட்டிய பக்கத்து வீட்டு ஆன்டி, "எப்படி இருக்கு அங்கிள்?" என்று கேட்டுத் தொலைத்தார். "எங்க ஹால் திரைச்சீலையும் இதே டிசைன்தான் ஆன்டி," என்றார் இவர். அந்த ஆன்டி அவரோடு பேசி வருஷக்கணக்கு ஆகிறது.

அவருடைய அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். மகனும் பட்டறைக்கே வருவான் என்று நம்பியிருந்தார். மகனோ படிப்பு முடிந்த கையோடு கிள்ளானில் நடந்த ஒரு பொருட்காட்சிக்குப் போனார். அங்கே ஒரு சீன மேஜிக்காரர் இவர் காதிலிருந்து முட்டை எடுத்தார். முட்டை எப்படி வந்தது என்று கேட்கத் திரும்பிப் போனவர், பொருட்காட்சி ஊர் மாறியபோது அதோடு சேர்ந்து தானும் கிளம்பிவிட்டார். ரப்பர் தோட்டங்களில் மேஜிக் ஆட்டம் ஆடினார், கோயில் திருவிழாக்களில் ஆடினார், பிறகு கல்யாணம், பிறந்தநாள், புதுக் கடைத் திறப்பு என்று பட்டணத்தோடு ஐக்கியமானார். எனக்கு வாரநாளில் இன்சூரன்ஸ் ஆபீஸ், வாரக்கடைசியில் கல்யாண ஹால்களில் மைக் பிடிக்கும் வேலை. எனவே அவர் எங்கே புறா விட்டாலும் பக்கத்தில் நான் நிற்பேன். அதிர்ச்சியில் நிற்பேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாலாக் செலாத்தானில் ஒரு கல்யாண விருந்து. அங்கிள் வெறும் கையை வீசினார், புறா வந்தது. வழக்கமாக அது ஒரு வட்டமடித்து அவர் தோளில் உட்காரும். அன்றைக்கு நேராகப் போய் மணப்பெண்ணின் கொண்டைமேல் உட்கார்ந்துவிட்டது. புறா புறாதானே, அடுத்து என்ன செய்யுமோ அதையும் செய்தது. மாப்பிள்ளை வீட்டார் அடிக்க வரப்போகிறார்கள் என்று நான் பின்கதவைத் தேடினேன். அப்போது மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்று கதறினார் பாருங்கள்:

"அண்ணி! எங்க அண்ணி வந்துட்டாங்க! மருமகளுக்கு ஆசீர்வாதம் பண்ண வந்துட்டாங்க!"

மாப்பிள்ளையின் அம்மா காலமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. மேஜை மேஜையாக ஜனம் எழுந்தது. மாப்பிள்ளை புறாவைக் கும்பிட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அத்தை முந்தானையில் அதை ஏந்திக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார். மறுநாள் காலையில் அங்கிளும் நானும் அந்த வீட்டு வாசலில் போய் நின்றோம்.

"ஆன்டி, அது என் புறா. நான் பழக்குன புறா."

"எங்க அண்ணியப் பாத்து புறாங்கறீங்களா?"

"ஆன்டி, அது ஆம்பளப் புறா லா!"

கதவு படாரென்று சாத்தப்பட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அண்ணியின் படத்துக்குக் கீழே, வெள்ளித் தட்டில், புறா கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. "நெய் சேத்த கேசரி. இனிமே அது எங்க பறக்கும்," என்று அங்கிள் வீடு வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

அவருடைய தீராத தலைவலி இதுதான். தான் ஏமாற்றுகிறவன் என்பதை அவர் சொல்லச் சொல்ல, ஊர் அதை நம்ப மறுத்தது. புருஷன் குடியை நிறுத்த வேண்டும் என்று வருவார்கள். காணாமல் போன சங்கிலி யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்பார்கள். எலுமிச்சம்பழத்தோடு வந்து லாட்டரிக் குலுக்கலுக்கு நாலு நம்பர் கேட்பார்கள். அங்கிள் அவர்களை உட்கார வைத்து, கைக்குள் பந்து எப்படி ஒளிகிறது, முட்டை எங்கே இருக்கிறது என்று தொழில் ரகசியத்தையே பிரித்துக் காட்டுவார். அவர்களும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "உண்மையான சக்தி உள்ளவங்க இப்படித்தான் மறைப்பாங்க," என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போவார்கள்.

கடைசியில் ஆத்திரம் தாங்காமல் கதவில் ஒரு பலகை மாட்டினார்: "இங்கே மந்திரம் இல்லை. எல்லாம் ஏமாற்று." மறுநாள் காலையில் பலகைக்கு மாலை போட்டிருந்தார்கள். கீழே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. யாரோ அவருடைய வீட்டு நம்பரையே குலுக்கலில் வாங்கி, அது அடித்தும்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் மாடியில் லிப்ட் கதவு திறந்தாலே கூட்டம்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒருநாள் தோசை அக்கா வந்து நின்றார். எனக்கு அது பெரிய அதிர்ச்சி. எங்கள் பிளாட்டுக்குக் கீழே ஒட்டுக்கடை போட்டு, காலையில் பாதி பிரிக்பீல்ட்ஸைப் பசியாற வைக்கிறவர் அவர். வாய் கொஞ்சம் நீளம். சாமியாரிடம் போகிறவர்களைக் கரண்டியால் அடிக்காத குறையாகத் திட்டுவார். அப்படிப்பட்டவர் கையில் வெற்றிலையும் எலுமிச்சம்பழமும் இருந்தன.

விஷயம் இதுதான். அவருடைய வீட்டுக்காரர் மணியம் லோரி ஓட்டுகிறவர். சில மாதங்களுக்கு முன் இருவருக்கும் ஒரு சண்டை. பிளாட் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலையில் மணியத்தைக் காணவில்லை. கைப்பேசியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டாயிற்று, பதிலுக்கு நாலைந்து பேர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார்கள். சொந்தக்காரர்கள் இழுத்துக்கொண்டு போன இடத்தில் ஒரு சாமியார், அவர் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறார் என்றார். இன்னொருவர், அவர் இல்லை, காரியத்தைச் செய்துவிடுங்கள் என்றார்.

"அங்கிள்," என்றார் தோசை அக்கா. அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மனுஷன் உயிரோட இருக்காரா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க. பொட்டு வெச்சிக்கிட்டுக் கடையில நின்னா, புருஷன் போயிட்டான், இவ மினுக்கிக்கிட்டு நிக்கறாங்கறாங்க. வெக்காம நின்னா, நீயே அவன சாகடிச்சிட்டியாடிங்கறாங்க. தெனம் காலையில கண்ணாடி முன்னால பொட்ட விரல்ல ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்கறேன். நான் பொட்டு வெக்கறதா வேணாமா?"

கோட்டு அங்கிள், அக்கா முன்னால் வைத்த எலுமிச்சம்பழத்தை அவர் பக்கமே நகர்த்தினார். "எனக்குத் தெரியாதும்மா."

"பாத்துச் சொல்லுங்க."

"பாக்கத் தெரியாதும்மா. நான் ஏமாத்துறவன்."

"எல்லாச் சாமியும் ஏதோ ஒண்ணு சொன்னாங்க. நீங்க ஒருத்தருதான் தெரியாதுங்கறீங்க." எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு அக்கா போய்விட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "உயிரோட இருக்காருன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிடுவீங்க? அந்த அக்கா நிம்மதியா தூங்குவாங்கல்ல?"

"அவன் செத்துப் போயிருந்தா? நான் சொன்னத நம்பிப் பொட்டு வெச்சிக்கிட்டு நிக்கும். அப்புறம் ஒருநாள் உண்ம தெரியும். அப்ப நீ வந்து தொடச்சு விடுவியா?" அங்கிள் இப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. புறாக்கள்கூட அடங்கிவிட்டன. பிறகு, "கீழ நின்னு சொல்லத்தான் முடியாது. ஸ்டேஜ்ல சொல்லலாம்," என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மறுநாள் காலையில் ஒட்டுக்கடைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, மணியம் வீட்டில் எப்படி, என்ன பழக்கம் என்று அக்காவிடம் தோண்டித் துருவினார். கல் சூடாவதற்குமுன் ஊற்றுகிற முதல் தோசை பிய்ந்துபோகும் இல்லையா, அதைத் தினமும் மணியம்தான் சாப்பிடுவாராம். வேறு யாரையும் தொட விடமாட்டாராம். அங்கிள் தலையை ஆட்டிக்கொண்டே எழுந்து வந்தார்.

அந்த வாரம் செந்தூலில் ஒரு கல்யாணம். புறா விட்டார், துணியைப் பூவாக்கினார். முடிக்கப்போகிறார் என்று நான் மைக்கைத் தூக்கினேன். அவர் கையமர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு நெற்றியில் விரலை வைத்தார்.

"யாரும் அசையாதீங்க. இந்த ஹால்ல ஒருத்தரு மனசு என் காதுல விழுது. பொண்டாட்டி சுடற மொத தோசைய, பிஞ்சு போன தோசைய, அவருதான் தெனம் சாப்பிடுவாரு. இப்ப வீட்ட விட்டுத் தள்ளி இருக்காரு. அவரு யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது அவர் ஆட்டத்திலேயே இல்லாத ஆட்டம். அதைவிட அதிர்ச்சி, ஹாலில் கை தூக்கிய ஆண்களின் கூட்டம். செந்தூலில் பிய்ந்த தோசை சாப்பிடாத புருஷனே இல்லை போலிருக்கிறது. முன்மேஜையில் ஒரு பெண்மணி தன் கணவரின் கையைப் பிடித்து இறக்கினார். "நீங்களா? நீங்க என்னிக்குச் சாப்பிட்டீங்க? மொத தோசைய என் தட்டுல தள்ளிட்டு ரெண்டாவதுக்குக் கைய நீட்டுவீங்க!" அந்த மேஜையில் பாயசம் வரும்வரை சண்டை ஓயவில்லை.

அங்கிள் மறுபடியும் அக்காவிடம் போனார். "சாப்பிடறப்ப ஏதாச்சும் சொல்லுவாரா?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கல்லு இன்னும் தூங்குதுன்னுவாரு. தெனமும் அதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குக் கடுப்பாவும்." சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று திரும்பிச் சட்னி அரைக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கோட்டு அங்கிள் எங்கே ஆடினாலும் கடைசியில் கண்ணை மூடி, "கல்லு இன்னும் தூங்குதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்க ஆரம்பித்தார். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு குழந்தையின் பிறந்தநாளில் கேட்டார். பிள்ளைகளெல்லாம் தூங்குகிற கல்லைத் தேடி மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள், கேக் வெட்ட ஆளில்லை. குழந்தையின் அம்மா என்னை ஓரங்கட்டி, "பாஸ், நாங்க மேஜிக் ஷோதானே கேட்டோம்? இந்த அங்கிளுக்கு ஓகேவா?" என்றார். பேச்சு பரவியது. கோட்டு அங்கிளுக்கு வயசாகிவிட்டது, மேடையில் உளறுகிறார் என்றார்கள். ஷோக்கள் குறைந்தன. வெறும் சாப்பாட்டுக்காவது ஆடுகிறேன் என்று இவரே ஹால் ஹாலாகப் போன் போட்டுக் கேட்டதைப் பார்த்து நான் ஆடிப்போனேன்.

"அங்கிள், விட்டுடுங்க லா. பேரு கெட்டுப் போவுது."

"பெட்டில போட்டவன வெளிய எடுக்காம ஷோவ முடிச்சா அவன் மேஜிக்காரனா?"

"அவர நீங்க பெட்டில போடலையே!"

"எவன் போட்டா என்ன," என்றார்.

கிள்ளானில் ஒரு கல்யாணம். மத்தியானச் சாப்பாடு, வாழையிலைப் பந்தி. பாதிப் பேர் சாம்பாரில் இருக்கிறார்கள், பாதிப் பேர் ரசத்துக்குக் காத்திருக்கிறார்கள், அவர் மேடையில் கண்ணை மூடுகிறார். யாரும் கவனிக்கவே இல்லை. நான்கூட ஓர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டுதான் நின்றேன்.

"கல்லு இன்னும் தூங்குது," என்றார் அங்கிள். "அப்படிச் சொல்லிட்டு மொத தோசைய சாப்பிடறவரு. அவரு இங்க இருக்காரா?"

ஹாலின் பின்பக்கம் டமால் என்று ஒரு சத்தம். ரச வாளி. தரையெல்லாம் ரசம் ஓடுகிறது, பட்டுச் சேலைகள் நாற்காலிமேல் ஏறுகின்றன, அதற்கு நடுவில் கேட்டரிங்காரர்களின் மஞ்சள் சட்டையில் ஓர் ஆள் கையைத் தொங்கவிட்டபடி நிற்கிறார். முகமெல்லாம் கண்ணீர். மணியம்.

ஜனம் இது ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்து விசிலடித்தது. எனக்கு அப்பளம் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஆனால் அந்த ஹாலிலேயே அதிகமாக அதிர்ந்துபோனவர் கோட்டு அங்கிள்தான். வாயைத் திறந்தவர் மூடவில்லை. இத்தனை வருஷத்தில் அவருடைய மேஜிக் உண்மையாகவே பலித்தது அன்றைக்குத்தான். என் கையைப் பிடித்து இறுக்கினார். "தம்பி, இருக்கான்டா! உயிரோட இருக்கான்டா!" மைக் அணைக்கப்படவில்லை. அது கிள்ளான் முழுவதும் கேட்டிருக்கும்.

சமையல்கட்டில் அண்டாக்களுக்கு நடுவே மணியத்தைப் பிடித்தோம். "அங்கிள், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நெஜமாவே மந்திரமா?" என்று பின்னால் நகர்ந்தார்.

"மந்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. உன் பொண்டாட்டி சொன்னா. ஏன்யா இப்படிப் பண்ணே?"

மணியத்துக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. கம்பெனியில் லோரியை வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, தினமும் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பியிருக்கிறார். வேலை, கண் எல்லாம் தெரிந்துபோன அன்றைக்குத்தான் அந்தச் சண்டை. "பொய்காரா, பொய்காரான்னு கத்துனா அங்கிள். பிளாட்டே பாத்துச்சு. அவ சொன்னது நெஜம்தானே? எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போவேன்? அவகிட்ட சொல்லிடாதீங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

அங்கிள் யோசித்தார். "ஞாயித்துக்கெழம எங்க பிளாட் ஹால்ல நான் ஷோ போடறேன். நடந்து வரத்தானே உனக்குக் காலு வரல? பெட்டிக்குள்ள வந்து நில்லு, கதவ நான் தொறக்கறேன். அதுவரைக்கும் நானா சொல்லமாட்டேன். ஆனா அவ கேட்டுட்டா என்னால பொய் சொல்ல முடியாது."

கேட்டால்தானே? அந்த வாரம் முழுக்க அங்கிள் தோசை அக்காவின் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தார். முழங்கால் வலியோடு படியில் ஏறி இறங்கினார். கோட்டைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு வாகன நிறுத்துமிடம் வழியாக ஓடினார். அக்கா அதைப் பார்த்துவிட்டார். வலிய வந்து துருவித் துருவிக் கேட்ட மனுஷர் ஏன் திடீரென்று முகத்தைக் காட்ட மறுக்கிறார்? கெட்ட செய்தி கிடைத்துவிட்டது, சொல்ல முடியாமல் ஒளிகிறார் என்று முடிவு கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஒட்டுக்கடை திறக்கவில்லை. சனிக்கிழமை அவரைப் பார்த்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் பிளாட் ஹாலில் கால் வைக்க இடமில்லை. வர மறுத்த அக்காவைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். வெளுத்த சேலை, வெற்று நெற்றி. அங்கிள் அதைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த சீட்டுக்கட்டு சிதறி விழுந்தது. அவர் கையிலிருந்து ஒரு பொருள் தவறி விழுந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேறெந்த ஆட்டமும் ஆடவில்லை. நேராகப் பெட்டியைத் திறந்து காலியாகக் காட்டினார். மூடினார், சுழற்றினார், இமயமலை, எகிப்து எதுவும் சொல்லாமல் கதவைத் திறந்தார்.

உள்ளே மணியம் நின்றார். ஹாலில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அக்கா மெதுவாக எழுந்தார். மேடையேறினார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழப்போகிறார் என்று நானே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்திருந்தேன். அவர் மணியத்தைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு படாரென்று கதவைச் சாத்தினார்.

"அங்கிள், இத வந்த எடத்துக்கே அனுப்பிடுங்க!"

ஊரே அதிர்ந்தது. கோட்டு அங்கிள் இரண்டு கையையும் விரித்தார். "எனக்கு அனுப்பத் தெரியாதும்மா. பின்னால ஒரு கதவு இருக்கு. அத உள்ள இருக்கறவங்கதான் தொறக்க முடியும். அவரு போறதுன்னா போவாரு, இருக்கறதுன்னா இருப்பாரு."

தொழில் ரகசியம் போயே போச்சு. அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. அக்கா பெட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இருக்கியா, போயிட்டியா?"

"இருக்கேன்," என்றது பெட்டி.

"போனியே, ஒரு போன் பண்ணியா? உனக்குக் கருமாதி பண்ணச் சொன்னாங்கய்யா என்ன! எந்தச் சாமி சொன்னத நம்பறதுன்னு தெரியாம, ராத்திரி அழிக்கறதும் காலையில வெக்கறதுமா நான் பைத்தியமா நின்னேன். இருக்கியா?"

"இருக்கேன்."

"வேல போச்சுன்னு சொன்னா உன்ன வீட்ட விட்டுத் தொரத்தியிருப்பேனா? தோசக் கல்லு இருக்குல்ல, ரெண்டு பேரு சாப்பிட மாட்டமா? பொய் சொன்னதுக்குத்தானே கத்துனேன்! கண்ணு தெரியலங்கறதுக்கா கத்துனேன்? கண்ணுக்கு டாக்டர்கிட்ட போனியா இல்லையா? சொல்லு. இருக்கியா?"

பதில் இல்லை.

"இருக்கியா?"

பெட்டியிலிருந்து சத்தமே இல்லை. கோட்டு அங்கிள் பின்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அக்காவின் முகத்திலிருந்து கோபமெல்லாம் வடிந்து போயிற்று. இரண்டு கையாலும் கதவைப் பிடித்து இழுத்துத் திறந்தார்.

மணியம் உள்ளேயேதான் இருந்தார். பேச வராமல் அழுதுகொண்டிருந்தார்.

அக்கா முந்தானையால் அவர் முகத்தை அழுத்தித் துடைத்தார், கோபம் மிச்சமிருந்ததால் கொஞ்சம் பலமாகவே துடைத்தார். பிறகு தன் கைப்பேசியின் உறையைக் கழற்றினார். உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து, கண்ணாடியும் இல்லாமல், அத்தனை ஜனத்துக்கும் முன்னால் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

மணியம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். "கோணலா இருக்கு," என்று சொல்லி ஒரு விரலால் அதை நகர்த்தி வைத்தார். முன்னைவிடக் கோணலாகப் போயிற்று. அக்கா அதைத் தொடவில்லை. எனக்கு அறிவிப்புச் செய்ய வேண்டிய வேலை இருந்தது, நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன்.

மறுநாள் அங்கிள் வீட்டு வாசலில் வரிசை கீழ்த்தளம் வரை நின்றது. வீட்டை விட்டுப் போன மகன், சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் என்று படங்களோடு வந்திருந்தார்கள். ஒருவர் திருடுபோன மோட்டார் சைக்கிளின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். எல்லோரிடமும் அங்கிள், "எனக்குத் தெரியாது, நான் ஏமாத்துறவன்," என்றே சொன்னார். சொல்லிவிட்டு, அந்த ஆள் வீட்டில் எப்படி இருப்பார், என்ன சொல்வார் என்று ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். இப்போதும் ஒவ்வொரு ஷோவின் கடைசியிலும் கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது கூப்பிடுகிறார். பெரும்பாலும் யாரும் எழுந்திருப்பதில்லை. அவர் அடுத்த ஹாலுக்குக் கிளம்பிவிடுகிறார்.

போன மாதம் காரில் போகும்போது சும்மா கிண்டலுக்குக் கேட்டேன். "அங்கிள், ஒருநாள் நான் காணாமப் போயிட்டா ஸ்டேஜ்ல என்ன சொல்லித் தேடுவீங்க? யாருகிட்ட போய் விசாரிப்பீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "உனக்கு எதுக்குடா விசாரிக்கணும்? பக்கத்துல நின்னு, நான் கை மாத்தறதெல்லாம் கண்ணால பாத்துட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி மொத ஆளா கை தட்டறவன் எங்கடான்னு கேப்பேன்."

இத்தனை வருஷமாக நான் பார்த்துவிடுவது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். சாலையைப் பார்த்து ஓட்டினேன். இந்த வாரமும் கிள்ளானில் எங்களுக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது. நான் போகிறேன், கை தட்ட.